சென்ட்ரேலியா நெருப்பை ஏன் அணைக்க முடியவில்லை?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் சென்ட்ரேலியாவில் 1962இல் நிலத்தடி நிலக்கரியில் பற்றிய நெருப்பு இன்னும் எரிகிறது என்றீர்கள். தண்ணீர் விட்டு அணைத்திருக்கக் கூடாதா?" அருமையான கேள்வி. படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

நம் ஜார்க்கண்டில் நிலத்தடி நெருப்பு எரியும் நிலக்கரிப் பகுதியான ஜாரியா பற்றிய உரையிலேயே சொன்னேன்: காற்றை அடைக்காமல் நிலக்கரி நெருப்பை அணைக்க முடியாது. பென்சில்வேனியாவில் உள்ள இந்த ஊரின் அடியில் பல தலைமுறைகள் வெட்டிய சுரங்க வழிகள் இருக்கின்றன. கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூண்களையும் பின்னாளில் திருட்டுத்தனமாக வெட்டி எடுத்தார்கள். அதனால் பல இடங்களில் கூரை சரிந்து, பாறையில் வெடிப்பு விட்டது. வெடிப்பு தோறும் காற்று நுழைகிறது. ஊற்றுகிற தண்ணீரோ பள்ளம் பார்த்து ஓடிவிடும். சூடேறிய பாறை அப்படியே இருக்கும். உமிக்குவியலில் விழுந்த நெருப்பைப் போல, மேலே அணைந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். திரும்பவும் சொல்கிறேன், காற்றுதான் விஷயம்.

பழைய சுரங்கக் குழி ஒன்றில் கொட்டிய குப்பைக்கு வைத்த தீ கரிப்படுகைக்குத் தாவியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். உடனே தோண்டத் தொடங்கினார்கள். பணம் தீர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். 1979இல் ஒரு பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தால், பெட்ரோல் ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸ்! 1981இல் 12 வயதுச் சிறுவனின் காலடியில் நிலம் வாய்பிளந்தது. மரவேரைப் பற்றித் தொங்கியவனை உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

1983இல் நெருப்பை முழுவதும் தோண்டியெடுக்க 66 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றம் ஒதுக்கியது 4.2 கோடி டாலர். அது நெருப்பை அணைக்க அல்ல, மக்களை இடம்பெயர்க்க. பெரும்பாலோர் போய்விட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 5 பேர்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்தச் சிலர் ஏன் போகவில்லை என்பதுதான். தங்கள் வீட்டுக்கு நெருப்பு வராது என்று நம்பினார்கள். அடியில் கிடக்கும் நிலக்கரிக்காகவே தங்களை விரட்டுகிறார்கள் என்றும் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1992இல் மாநில அரசு வீடுகளைக் கையகப்படுத்தியது. 2002இல் அஞ்சல் குறியீட்டு எண்ணும் போனது. அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2013 உடன்பாட்டின்படி, ஆயுள் உள்ளவரை அங்கேயே வாழலாம். அதன்பின் வீடு அரசுக்கு. குன்றின்மேல் உள்ள உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதன் அடியில் இருப்பது கரியல்ல, கெட்டிப்பாறை. வெளியூர் போனவர்களும் அங்கே வருகிறார்கள். அவர்களைப் பற்றிக் கேளுங்கள், ஒரு முழு உரையே தருகிறேன்.