பறக்கும் ஆம்புலன்ஸும் ஒரு வரிசையும்

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் 108 ஆம்புலன்ஸ் நண்பர்களுக்கு முதல் வணக்கம். உங்கள் வண்டியை ஓட்டுபவருக்கு ‘பைலட்’ என்று பெயராம். சற்று முன் ஒரு தம்பி சொன்னார். பொருத்தமான பெயர்தான். உங்கள் வண்டிக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. அதன் பெயரே ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’. இழுத்தது என்னவோ குதிரைகள்!

அதை ஓடவிட்டவர் டொமினிக் ழான் லாரே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர். 1766-இல் பிரனீஸ் மலைப்பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை போய்விட, துலூஸ் நகரில் அறுவை மருத்துவராக இருந்த சித்தப்பாவிடம் தொழில் கற்றார். 1792-இல் ரைன் நதிப் படையில் சேர்ந்தார். அங்கே ஒரு விதி இருந்தது. மருத்துவ வண்டிகள் சண்டை நடக்கும் இடத்துக்கு ஒரு ‘லீக்’ பின்னாலேயே நிற்க வேண்டும். நம் கணக்கில் நாலைந்து கிலோமீட்டர். சண்டை ஓய்ந்த பிறகுதான் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். காலையில் தொடையில் குண்டு வாங்கியவன் மறுநாள் வரைக்கும் சேற்றில் கிடப்பான். பலர் காயத்தால் சாகவில்லை, காத்திருந்தே செத்தார்கள்.

லாரேயின் கண் பீரங்கிப் படை மேல் விழுந்தது. குதிரை பூட்டிய இலகுவான பீரங்கிகள் ஓடி வரும், சுடும், ஓடிவிடும். கொல்கிற வண்டிக்கு இந்த வேகம் என்றால் காப்பாற்றுகிற வண்டிக்கு ஏன் கூடாது? இரண்டு சக்கரம், இரண்டு குதிரை. உள்ளே இருவர் நீட்டிப் படுக்கலாம். பக்கச் சுவர்களில் மெத்தை, காற்றுக்குச் சன்னல். படுக்கைப் பலகையை உருளைகள் மேல் அப்படியே வெளியே இழுக்கலாம். இன்று நீங்கள் ஸ்ட்ரெச்சரை இழுக்கிறீர்களே, அதே சங்கதி. 1797-இல் இத்தாலியில் இதைத் தனிப் படைப்பிரிவாகவே அமைத்தார். அடுத்த ஆண்டு எகிப்து. மணலில் சக்கரம் புதையும். சரி, ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் நீளப் பெட்டி கட்டு என்றார்.

அவர் கத்தியின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 1812-இல் ரஷ்யாவில் போரோடினோ சண்டையில் ஒரே நாளில் சுமார் 200 பேருக்குக் கை, கால் எடுத்தார். மயக்கமருந்து கிடையாது. ஈதர் வந்தது 1846-இல். லாரே 1842-லேயே போய்விட்டார். எடுக்க வேண்டிய உறுப்பை முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், சீழ் பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் எனக்குக் கத்தியைவிட அவர் போட்ட வரிசைதான் பெரிது. மோசமான காயம் முதலில். தளபதியா, சிப்பாயா, எதிரிப் படையா என்று பார்க்கக் கூடாது. இன்று இதற்கு ‘டிரியாஜ்’ என்கிறோம். பிரெஞ்சில் தரம் பிரிப்பது என்று பொருள். காபிக்கொட்டைக்கும் ஆட்டுரோமத்துக்கும் சொன்ன சொல்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நான் காஷுவால்ட்டியில் பல வருஷம் நின்றவன். ஒருநாள் இரவு விரலில் வெட்டுக்காயத்தோடு ஒரு பெரிய மனிதர் வந்தார். கூடவே பத்து பேர், ஆளுக்கொரு போன். மூலையில் பைக்கிலிருந்து விழுந்த பையன் ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தான். கேட்டால் “ஒன்றுமில்லை சார், வயிறு லேசா வலிக்குது” என்றான். நாடியைத் தொட்டேன். 130. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. மண்ணீரல் கிழிந்திருந்தது. அவனை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து என் பரம்பரையையே ஏசினார்கள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாதவனிடம் முதலில் போ என்று பயிற்சி டாக்டர்களுக்கு அன்றிலிருந்து சொல்லி வந்தேன்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். 1813-இல் ஜெர்மனியில் லுட்சன், பௌட்சன் சண்டைகள். கையிலும் விரலிலும் காயத்தோடு இளம் சிப்பாய்கள் குவிந்தார்கள். போருக்குப் பயந்து தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் நெப்போலியனிடம் சொன்னார்கள். நிரூபணமானால் மரணதண்டனைதான். விசாரணை லாரேயிடம் வந்தது. சுமார் 2,600 பேர். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு காயமாகப் பிரித்துப் பார்க்கச் செய்தார். படை மூன்று வரிசையாக நின்று சுடும். பின்னால் நிற்கும் பழகாத பையன் துப்பாக்கியை நீட்ட, முன்னால் நிற்பவன் கையில் பட்டுவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஒருவன் மேலும் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

நெப்போலியன் அதை ஏற்றுக்கொண்டார். வைரம் பதித்த தன் உருவப்படத்தையும் பொற்காசுகளையும் லாரேவுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பையன்கள் கட்டுப் போட்ட கையோடு படைக்குத் திரும்பினார்கள்.

வெளியே டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். 108 தம்பிகள் முதலில் கேட்கட்டும். அவர்களுக்கு எப்போது அழைப்பு வருமோ தெரியாது.