காரைக்குடியில் எங்கே சாப்பிடுவது, என்ன வாங்குவது? போர்டைப் பார்த்து உள்ளே போகாதீர்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காரைக்குடி. கல்லுக்கட்டிப் பக்கம் நின்று பேசுகிறேன். நடுவில் ஹாரன் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தெருவில் அதை நிறுத்த யாராலும் முடியாது.

கமெண்ட்டில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "காரைக்குடி வருகிறோம், அசல் செட்டிநாட்டுச் சாப்பாடு எந்தக் கடையில் கிடைக்கும்?" ஒரு கடைப் பெயரைச் சொல்லிவிட்டு வீடியோவை முடித்துவிடலாம். ஆனால் மெஸ் சாப்பாடு என்பது மாஸ்டரின் கையில் இருக்கிறது. அவர் வேறு கடைக்கு மாறினால் ருசியும் கூடவே போய்விடும், பெயர்ப் பலகை மட்டும் அங்கேயே தொங்கும். அதனால் கடையைத் தேடிப் பிடிக்கிற வழியைச் சொல்கிறேன். அடுத்த வருடம் வந்தாலும் உதவும்.

முதலில் இந்தப் போர்டு விஷயம். சென்னையில் ஒரு கடைக்காரர் 'செட்டிநாடு' என்று எழுதினால் அதில் ஒரு தகவல் இருக்கிறது. காரைக்குடியில் அப்படி எழுதினால் என்ன தகவல்? இங்கே டீக்கடை கூடச் செட்டிநாட்டு டீக்கடைதான். பெரிய எழுத்தில் அந்தப் பெயரும், மேலே ஒரு அரண்மனைப் படமும் இருந்தால் அது பெரும்பாலும் காரில் வருகிற நமக்காக எழுதியது. ஊரை ஒட்டிய ஒரு ரோட்டோர ஹோட்டலில் இப்படித்தான் எனக்குச் செட்டிநாடு சிக்கன் என்று ஒன்று வந்தது. சிவப்புக் கலர், மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய், அடியில் தக்காளிக் குழம்பு. காரம் மட்டும் உச்சந்தலை வரை ஏறியது. காரம் இருந்தால் செட்டிநாடு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அதை நம்பி இப்போது பாதி ஹோட்டல் ஓடுகிறது. இங்கே வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும். மிளகு இருக்கும், சோம்பு இருக்கும், வாசனை முன்னால் வரும். காரம் அதற்குப் பின்னால்தான்.

சரி, நல்ல சாப்பாடு எங்கேதான் இருக்கிறது? ஹோட்டலைவிட வீடுகளில் இருக்கிறது, விசேஷ வீட்டுப் பந்தியில் இருக்கிறது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பரவிக் கிடந்தாலும், பல குடும்பங்கள் கல்யாணத்தையும் அறுபதாம், எண்பதாம் வயதுச் சாந்தியையும் சொந்த ஊர் வீட்டில் வைத்துத்தான் நடத்துகின்றன. அந்தப் பந்திக்குச் சமைக்கிற மாஸ்டர்கள்தான் இந்த ஊர்ச் சமையலைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஆட்டோ அண்ணனிடம் "நல்ல ஹோட்டலா கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றால் ஏசி ஹோட்டல் வாசலில்தான் இறக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, உங்கள் சட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார். "நீங்க மத்தியானம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பலசரக்குக் கடையில் நின்றால், "வீட்டுக்கு விருந்தாளி வந்து சமைக்க நேரமில்லைன்னா எங்கே இருந்து கறி வாங்குவீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு யாரும் மேலோட்டமாகப் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் அவர்களுடைய வீட்டு மரியாதை சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒரே பெயர் இரண்டு மூன்று பேர் வாயிலிருந்து வந்தால் நேரே போய்விடுங்கள்.

போன பிறகு எப்படிப் பார்ப்பது? நான் பார்ப்பது குழம்பு வாளிகளை. கோழி, ஆட்டுக்கறி, நண்டு, மீன் என்று நாலு குழம்பு வைத்திருக்கிறார்கள். நாலும் ஒரே நிறம், ஒரே வாசனை என்றால் ஒரே மசாலாவைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, கேட்கிற துண்டை அதில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல இடத்தில் உப்புக்கறி சின்ன வெங்காயமும் வரமிளகாயுமாகச் சுருண்டு வறண்டு இருக்கும், பக்கத்திலேயே கோழிக் குழம்பு தண்ணீராக ஓடும், நண்டு ரசம் தனியாக மிளகு வாசனை அடிக்கும். மூன்றுக்கும் உறவே இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்னுடைய கேள்வி மண்டி இருக்கிறதா என்பது. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வெண்டைக்காய் போட்டு வைப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஹோட்டலுக்குச் சமைக்கிற யாருக்கும் இது தோன்றாது, வீட்டுச் சமையல் தெரிந்தவர்தான் வைப்பார். மண்டி இருந்தால் உட்காருங்கள். டிபனுக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கோஸ்மல்லி இருந்தால் ராத்திரிக்கும் அங்கேயே வாருங்கள்.

நேரம் முக்கியம். மெஸ் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது. மூன்று மணிக்குப் போய் நின்றுகொண்டு "நண்டு இல்லையாம், சுறாப்புட்டு இல்லையாம்" என்று ரிவியூ எழுதாதீர்கள். கறிக்கு ஞாயிற்றுக்கிழமை நல்லது, வெள்ளிக்கிழமை சுமார். புரட்டாசியில் அசைவ மெஸ் பக்கம் கூட்டமே இருக்காது, கார்த்திகையில் மாலை போட்டவர்களால் மறுபடியும் குறையும். மீனுக்குப் பயப்பட வேண்டாம். நாம் நிற்பது வறண்ட பூமிதான், ஆனால் தொண்டிக் கடற்கரை ரொம்பத் தூரம் இல்லை.

உட்கார்ந்து நிதானமாக, இலை போட்டு, ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டுச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்லலாம். தேவகோட்டை ரோட்டில் இருக்கிற 'தி பங்களா'. நகரத்தார் குடும்பம் ஒன்று தங்கள் பழைய பங்களாவை 1999-இல் தங்கும் விடுதியாக மாற்றியது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டும், விலை மெஸ்ஸோடு ஒப்பிட்டால் கூடத்தான். அப்பா அம்மாவின் கல்யாண நாள் மாதிரி ஏதாவது இருந்தால் போங்கள். தினசரிப் பசிக்கு மெஸ்தான் என் கட்சி.

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த ஊரின் நிஜமான சாப்பாட்டு நேரம் இதுதான். நாலு மணிக்கு மேல் பணியாரச் சட்டி அடுப்பில் ஏறும். வெள்ளைப் பணியாரம் சாப்பிடாமல் யாரும் ரயில் ஏறாதீர்கள். அதற்கு அளவே ஒரு அழகு. பச்சரிசியைப் படியில் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்தின் அளவு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, தண்ணீர் அதிகம் காட்டாமல் நைசாக அரைப்பார்கள். புளிக்க விடுவதில்லை. பிறகு எண்ணெயில் கரண்டியால் ஒவ்வொன்றாக ஊற்றி, எழும்பி வந்ததும் திருப்பிப் போட்டு, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓரம் லேசாக முறுகலாம், நடு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் ஒன்று எண்ணெய் பழசு, இல்லை போடுகிறவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். இதைப் பார்சல் கட்டாதீர்கள், பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். அடுப்புப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள். கருப்பட்டிப் பணியாரமும் கந்தரப்பமும் அப்படியில்லை, ஆறினாலும் தாங்கும்.

ஆடி மாதம் வந்தால் கும்மாயம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்த மாவில் கருப்பட்டி, நெய் விட்டுக் கிளறுவது. மற்ற மாதங்களிலும் சொன்னால் செய்து தருகிறவர்கள் உண்டு.

பலகாரம் வாங்க: சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், மாவுருண்டை. இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக் கடையிலும் வாங்கலாம், ஆனால் கல்யாணச் சீர் வரிசைக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆச்சிமார் மேற்பார்வையில் விறகடுப்பு வைத்துச் செய்கிற இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால் திட்ட மாட்டார்கள், கேமராவை நீட்டினால் திட்டுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். முகூர்த்த மாதங்களில் போனால் கையில் சரக்கு இருக்காது, இரண்டு நாள் முன்னால் சொல்லி வையுங்கள். வாங்கும் முன் ஒரு சீடையை உடைத்து மோந்து பாருங்கள். காறல் வாசனை வந்தால் எவ்வளவு பெயரெடுத்த கடையானாலும் வேண்டாம்.

அடுத்து மசாலா சாமான். அந்தப் 'பாரம்பரிய செட்டிநாடு மசாலா' பாக்கெட்டை விட்டுவிடுங்கள். முழுச் சாமானாக வாங்கி வீட்டில் வறுத்து அரையுங்கள். வேடிக்கை என்னவென்றால், செட்டிநாட்டு மசாலாவில் போகிற முக்கால்வாசிச் சாமான் இந்த மண்ணில் விளைவதில்லை. அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. சுருள் பட்டை இலங்கை. கல்பாசி மலையில் மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. பர்மா, மலேயா, இலங்கை என்று வியாபாரத்துக்குப் போனவர்களின் சமையலறை இது, அங்காடிதான் தோட்டம்.

கல்பாசியைக் கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளிறிய நிறம். தொட்டால் காய்ந்த காகிதம் மாதிரி நொறுங்க வேண்டும். நமத்துப்போய் ஈரமாக இருந்தால் எடைக்காக நனைத்தது. பச்சையாக மோந்து பார்த்து "வாசனையே இல்லையே" என்காதீர்கள். சூடான எண்ணெயில் விழும்போதுதான் அது வாயைத் திறக்கும். ஒரு கிலோ கறிக்கு இரண்டு சிட்டிகை போதும், கூடினால் கசக்கும். மராட்டி மொக்கு இலவ மரத்தின் காய்ந்த மொக்கு, கிராம்பின் பெரிய அண்ணன் போல இருக்கும். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், வறட்டுக் குச்சியாக இருந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. சோம்பு லேசான பச்சையாக இருக்கட்டும்.

குண்டு மிளகாய்தான் பக்கத்து ஊர்ச் சரக்கு. இதற்குத்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பங்குனி, சித்திரையில் புது மிளகாய் வரும்போது வாங்குவது புத்திசாலித்தனம். காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே விதை சலசலக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது, ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். நிறத்துக்கும் பொடிக்கும் நீட்டு மிளகாய், தாளிப்புக்கும் துவையலுக்கும் குண்டு. இரண்டும் வேண்டும்.

கவுனி அரிசி, அதாவது கறுப்பு அரிசி, வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "சாயம் போட்டிருப்பார்களா?" ஒரு மணியைக் கடித்து உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகத்தான் இருக்கும், பயந்து கீழே போடாதீர்கள், கறுப்பு முழுவதும் தவிட்டில் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீர் ஊதாவாக மாறுவதும் இயல்பு. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். வெந்த பிறகு சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய், அவ்வளவுதான். முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் தூவுகிறவர்களோடு எனக்குச் சண்டை.

சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல் எல்லாம் கோடை வெயிலில் போட்டது வைகாசியில் கடைக்கு வரும். அப்போது வாங்குங்கள். உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டுக் காயவைத்த கறி, வேண்டும் என்றால் தெரிந்தவர் மூலமாகத்தான் வாங்குவேன், கடைப் பாக்கெட்டில் நான் வாங்குவதில்லை.

கடைசியாக, சென்னைக்காரர்களுக்கு. பல்லவன் எக்ஸ்பிரஸ் இங்கேயிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். அந்த நேரத்தில் டீக்கடை தவிர எதுவும் திறந்திருக்காது. அதனால் சாமானெல்லாம் முதல் நாள் சாயங்காலம், பணியாரத்துக்கு முன்னாலேயே வாங்கி முடித்துவிடுங்கள். மிளகாயையும் சீடையையும் ஒரே பையில் போடாதீர்கள். தேவகோட்டைப் பக்கம் நல்ல மெஸ் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த வாரம் அங்கேதான் போகிறேன்.