டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நாவல்கள்

(யாங்கோன் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

திருக்குறள் படிக்கும் பிள்ளையைப் பாராட்டுகிறோம். நாவல் படிக்கும் பிள்ளையைப் பொழுதை வீணாக்குகிறது என்று திட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1960களில் இங்கே பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு எழுத்தைக் கோயில் வகுப்பு தந்தது. சரளமாக வாசிக்க வைத்தது தொடர்கதைதான். அடுத்து என்ன ஆச்சு என்ற தவிப்பு எந்தக் கடின வார்த்தையையும் தாண்ட வைத்துவிடும்.

கோயில் நூலகத்தில் ஒரு பைண்டு கிடைத்தது. வார இதழ்களிலிருந்து தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை. கதைக்கு நடுவே தைல விளம்பரம், பாதி வெட்டுப்பட்ட ஜோக். ஒரு வாரம் இதழ் வரவில்லை போலிருக்கிறது. அந்த அத்தியாயத்தை யாரோ கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் முழுக்க எழுதிச் சேர்த்திருக்கிறார். பெயர்கூடப் போடவில்லை. அடுத்துப் படிப்பவருக்குக் கதை அறுந்துவிடக் கூடாது என்று நினைத்த அந்த மனிதரைக் கும்பிடுகிறேன்.

ஒருவர் எழுத்து பிடித்துவிட்டால் அவருடைய மற்ற நூல்களையும் தேடுவது என் வழக்கம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964இல் வந்த குமரி நாட்டுக் கதை. அதைப் படித்துவிட்டுத் தேடினால், பர்மாவை வைத்தே 'மா-னீ' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார்! 1942இல் ஜப்பான் படையெடுப்புக்குப் பயந்து இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்தே ஊர் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரலாற்றுப் புத்தகத்தில் அது இரண்டு வரி. கிளம்புகிற அன்று ஒரு வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், எதை விட்டுப் போக மனம் வராமல் நின்றிருப்பார்கள் என்பதற்கெல்லாம் நாவலில்தான் இடம் இருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். 1964 வாக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குவதற்குள் திறந்து பாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும், முதல் பத்துப் பக்கம் போயிருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் நூலகத்தில்தான் இருப்பேன். கொண்டுவந்து கொடுங்கள், தைத்து அட்டை போடுவது என் பொறுப்பு. அப்புறம், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். ஒரு அத்தியாயம் நான் வாசிக்கிறேன், அடுத்ததை அவர்கள் வாசிக்கட்டும்.