பூக்காரி முழமா, மோசே முழமா? எங்கள் வீட்டு ஜெபம், 38வது நாள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முகம் இப்படி மினுங்குகிறதே என்று நினைக்காதீர்கள், அடுப்பு வெக்கை. பின்னால் கேட்கிற சொட்டுச் சத்தம் அதே பழைய குழாய்தான். அதைப் பற்றி இன்றைக்குப் பேசமாட்டேன், பேசினால் வீடியோ அதிலேயே முடிந்துவிடும்.

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு இதே இடத்தில் நின்று சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஜெப நினைப்பே இல்லை. ஹாலில் இருந்து சின்னவன் கத்துகிறான்: "அம்மா, மணி ஏழாச்சு, எல்லாரும் எங்க?" எட்டிப் பார்த்தால் பாயை அவனே விரித்துவிட்டான். அத்தையின் கண்ணாடியையும் எடுத்து வேதாகமத்தின் மேல் வைத்திருக்கிறான். கடுகு கருகிவிட்டது. கருகட்டும்! ஜனவரியில் இதே பையனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து ஜெபத்துக்கு உட்கார வைத்தேனே, அந்த வீடியோ பார்த்தவர்களுக்கு என் சந்தோஷம் புரியும்.

பார்க்காதவர்களுக்கு: புதுவருஷ ஆராதனை முடிந்து, வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கிய சூட்டோடு, ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதும் என்று சார்ட் போட்டேன். மொத்தம் 1189 அதிகாரம், 365-ஆல் வகுத்தால் 3.26. அதாவது தினமும் மூன்று, சில நாள் நான்கு. கலர் பென்சிலால் கட்டம் கட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் புத்தகமான ஆதியாகமம் நன்றாகத்தான் போனது. யோசேப்பு கதைக்குப் பெரியவள் அழுதாள்.

ஜனவரி 24, இரண்டாம் புத்தகமான யாத்திராகமம், 26-ஆம் அதிகாரம். மோசே காலத்து ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பத்து மூடுதிரை, ஒவ்வொன்றும் 28 முழம் நீளம், 4 முழம் அகலம். சின்னவன் கேட்டான், "முழம்னா பூ முழமாம்மா?" அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் எழுந்து டேப் எடுத்து வந்துவிட்டார். முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 42 அடி. ஹாலில் பிடித்து, வாசலைத் தாண்டி, தெருவில் நிற்கிற ஆட்டோ வரைக்கும் போனார். அத்தை நாற்காலியில் இருந்தபடியே, "நம்ம சந்தைப் பூக்காரி அளந்திருந்தா கூடாரம் பாதிதான் மூடியிருக்கும்" என்றார்கள். எல்லாரும் அப்படி ஒரு சிரிப்பு. நான் என்ன செய்தேன்? "இன்னும் ரெண்டு அதிகாரம் பாக்கி இருக்கு, உக்காருங்க" என்று அதட்டினேன். மறுநாள் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. அடுத்த புத்தகமான லேவியராகமத்தின் வாசலிலேயே சார்ட் நின்றுபோனது. எனக்கு இப்போது அந்த மாதிரி சார்ட்டைப் பார்த்தாலே எரிச்சல்தான். கட்டத்தை நிரப்புவதற்காக ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தேன், வேறென்ன!

நான் சின்னப் பிள்ளையாக முதலூரில் ஆச்சி வீட்டில் இருந்தபோதும் இப்படித்தான். 1799-ல் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர், அதனால்தான் அந்தப் பெயர். தாத்தா ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பார். சிமெண்டுத் தரையில் முழங்கால்படியிட்டு, சொந்தக்காரர், சபைப் போதகரான ஐயர், மிஷனெரிகள் என்று பெயர் பெயராகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்போம். அப்போஸ்தலர் 20-ல் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசப் பேச, ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தானே, அவன் மேல் எனக்கு அப்போதிலிருந்தே தனிப் பாசம். எங்களை எழுப்புவதற்கு ஆச்சி ஒரு வழி வைத்திருந்தாள். கடைசி ஆமெனுக்கு ஆளுக்கு ஒரு துண்டு மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பால் வாசனை வந்தால் ஜெபம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

சரி, ஈஸ்டருக்கு மறுநாள் திரும்ப ஆரம்பித்தோம். இந்தத் தடவை சார்ட் கிடையாது. மாற்கு சுவிசேஷம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம். மொத்தம் 16 அதிகாரம்தான், கதையும் விறுவிறு என்று ஓடும். நேரம்தான் பெரிய பாடு. ஒன்பதுக்குப் பிள்ளைகள் சாமியாடுகிறார்கள். எட்டரைக்கு அத்தையின் சீரியல். ஏழரைக்கு ஐபிஎல், வீட்டுக்காரர் கண் வேதாகமத்தில், காது பக்கத்து வீட்டு டிவியில். கடைசியில் ஏழு மணி, தோசைக்கு முன்னால் என்று முடிவு. பசியில் யாரும் தூங்குவதில்லை பாருங்கள்! 38 நாளில் விட்டது இரண்டே நாள், இரண்டும் கல்யாண வீடு.

இப்போது பாய். அத்தைக்கு நாற்காலி இருக்கிறது, எங்களுக்கு டைல்ஸ் தரையில் முழங்கால் வலிக்கிறது. கோரைப்பாய் என்றால் பத்தமடைதான் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிளாஸ்டிக் பாய் எனக்கு ஆகாது, வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும். முதல் கடையில் 950 என்றார். பேசிப் பேசி, எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, 850-க்கு வாங்கிவிட்டேன். என்ன ஒரு பெருமிதம்! நாலு கடை தள்ளி அதே அளவு, அதே சிவப்புக் கரை, அட்டையில் எழுதித் தொங்குகிறது: 700. வீடு வரைக்கும் நான் கர்த்தரோடு பேசியதை இங்கே சொல்ல முடியாது.

அந்தப் பாயில் இப்போது சின்னவன் உட்கார்கிற மூலை வழுக்கையாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கோரையை ஒவ்வொன்றாக உருவுகிறான். ஒரு ஜெபத்துக்கு இரண்டு கோரை. ஒரு நாள் ஐந்து கோரை கிடந்தது. எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு ஜெபம் பண்ணினது நான். அதிலிருந்து என் ஜெபத்தைச் சுருக்கிவிட்டேன். ஆளுக்கு ஒரு வாக்கியம் நன்றி, ஒரு வாக்கியம் விண்ணப்பம். பாட்டும் பல்லவி, ஒரு சரணம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் எடுக்கிற சுருதிக்கு இரண்டாம் சரணம் யாராலும் பாட முடியாது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மாற்கு 2. நாங்கள் வாசிப்பது 1871-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பு, அத்தைக்கு அதுதான் வேதாகமம். அதில் 'திமிர்வாதக்காரன்' என்று வருகிறது. சின்னவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "திமிர் பிடிச்சவனை எதுக்கு நாலு பேர் தூக்கிட்டு வராங்க?" என்றான். கை கால் விளங்காதவர், கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இயேசுவிடம் இறக்கினார்கள் என்று சொன்னேன். பெரியவள் அடுத்த கேள்வி, "கூரையைப் பிரிச்சாங்களே, அந்த வீட்டுக்காரர் மழைக்கு என்ன பண்ணுவார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெபத்தில் வாயே திறக்காத என் வீட்டுக்காரர், கட்டட வேலைக்காரர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர், நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஊர்க் கூரை நம்ம கான்கிரீட் இல்லை, மரச்சட்டத்துக்கு மேல் கிளையும் கோரையும் பரப்பி மண் பூசியது, பிரிக்கவும் முடியும், அடைக்கவும் முடியும் என்று கையால் பூசிக் காட்டினார். சின்னவன் உடனே பாயைத் தடவி, "இந்தக் கோரையா?" என்றான். அன்றைக்கு நான் யாரையும் அதட்டவில்லை. தோசை அரைமணி நேரம் தாமதம்.

இந்த வாரத்தோடு மாற்கு முடிகிறது. அடுத்து என்ன என்று வீட்டில் தேர்தல். பெரியவளுக்கு ரூத், சின்னவனுக்கு யோனா, இரண்டும் நாலு நாலு அதிகாரம். அத்தைக்கு 119-ஆம் சங்கீதம், 176 வசனம், அதுவும் ஒரே மூச்சில் வேண்டுமாம். வீட்டுக்காரருக்கு 117, இரண்டே வசனம். என் ஓட்டு யோனாவுக்கு, ஆனால் அத்தையிடம் யார் சொல்வது?

அப்புறம், பாய் விலை 850 என்றேன் அல்லவா, பெட்ரோலைச் சேர்க்கவில்லை. அது ஒரு 120. ஆக 970. இந்த வீடியோவை அத்தைக்கு யாரும் அனுப்பிவிடாதீர்கள், அவர்களிடம் 600 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.