மிட்சுகோவின் கணவர்: ரோன்ஸ்பெர்க் பிரபு வீட்டுக் கதை

வணக்கம் நண்பர்களே. முதலில் ஒரு பழைய புகைப்படத்தைத் திரையில் போடுகிறேன், பாருங்கள். ஐரோப்பிய உடையில் ஒரு ஜப்பானியப் பெண். பெயர் மிட்சுகோ. கெர்லான் நிறுவனம் 1919இல் கொண்டுவந்த 'மிட்சுகோ' வாசனைத் திரவியத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. அந்தப் பெயர் ஒரு பிரெஞ்சு நாவலின் கதாநாயகியிடமிருந்து வந்தது. இன்னும் சிலருக்கு இவர், ஐரோப்பிய நாடுகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிய ரிச்சர்ட் கூடன்ஹோவ்-கலெர்கியின் தாய்.

ஆனால் நான் இன்று பேச வந்தது இவருடைய கணவரைப் பற்றி. ஹைன்ரிக் கூடன்ஹோவ். 1859 அக்டோபர் 12ஆம் தேதி வியன்னாவில் பிறந்தவர், ஆஸ்திரியப் பிரபு, இன்றைய செக் நாட்டின் பகுதியான போஹேமியாவில் பெரிய நிலச்சுவான்தார். மகனைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் எவ்வளவோ எழுதிவிட்டார்கள், இவரை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இந்த வீட்டின் கதையே இவரிடம்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நிலத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1848இல் ஆஸ்திரியாவில் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள். குடியானவர்கள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போனது. ஆனால் பிரபுக்களின் சொந்தப் பண்ணை, காடு, கோட்டை எல்லாம் அவர்களிடமே தங்கிவிட்டன. விட்டுக்கொடுத்த உரிமைக்கு ஈட்டுத்தொகையும் கிடைத்தது. அதனால் ஹைன்ரிக் பிறந்தபோது பழைய அதிகாரம்தான் குறைந்திருந்தது, சொத்து குறையவில்லை. அவர்கள் குடும்பத்துக்கு ரோன்ஸ்பெர்க் என்ற ஊரில் ஒரு கோட்டை, சுற்றிலும் காடும் வயலும். பக்கத்திலேயே ஸ்டொக்காவ் என்ற இடத்தில் பழைய மடாலயம் ஒன்று, அதுவும் இவர்களுடையதுதான். வரைபடத்தில் தேடினால் ரோன்ஸ்பெர்க் கிடைக்காது. இன்று அது செக் நாட்டில், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில், போபியெஜோவிட்சே என்ற பெயரில் இருக்கிறது.

கூடன்ஹோவ் குடும்பம் ஆதியில் பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கலவரத்தில் ஆஸ்திரியாவுக்கு நகர்ந்தார்கள். அப்பா ஃபிரான்ஸ் கூடன்ஹோவ். அம்மா மரீ கலெர்கி. 1877இல் அம்மா இறந்துவிட்டார்.

அம்மாவின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மரியா கலெர்கிஸ், 1822இல் வார்சாவில் பிறந்தவர். ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த நெஸ்ஸல்ரோடேவின் உறவுக்காரப் பெண். இசைமேதை ஷோபானிடமே பியானோ கற்றுக்கொண்டவர். பணக்காரக் கிரேக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், ஆனால் அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. அப்புறம் இசைக் கலைஞர்களை ஆதரிப்பதே இவருடைய வாழ்க்கையானது. 1860இல் பாரிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் கச்சேரி நடத்திக் கடனில் விழுந்தபோது பணம் கொடுத்து உதவியவர் இவர்தான்.

இதே வாக்னர், இசையில் யூதர்கள் இருப்பதைத் தாக்கி 1850இல் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1869இல் அதைத் தன் சொந்தப் பெயரிலேயே மறுபடியும் வெளியிட்டார். அந்தப் பதிப்பை யாருக்கு எழுதிய கடிதமாக ஆரம்பித்தார் தெரியுமா? இந்தப் பாட்டிக்குத்தான். அப்போது ஹைன்ரிக் பத்து வயதுகூட நிறையாத பையன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

ஹைன்ரிக் படித்து முடித்துத் தூதரக வேலைக்குப் போனார். ஏதென்ஸ், ரியோ டி ஜெனிரோ, கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), புவெனஸ் ஐரிஸ் என்று சுற்றினார். மொழி என்றால் அவருக்கு உயிர். பதினாறு, பதினெட்டு மொழி தெரியும் என்றெல்லாம் சொல்வார்கள். எண்ணிக்கையை விடுங்கள், அவர் எப்படிக் கற்றார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அந்த மொழி பேசும் மனிதரைத் தன் கூடவே வைத்துக்கொள்வார். கான்ஸ்டான்டிநோபிளில் பாபிக் என்ற ஆர்மீனியர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் கடைசிவரை கூடவே இருந்தார். போஹேமியாக் கோட்டைக்குள் முதலாளியும் வேலையாளும் துருக்கி மொழியில் பேசிக்கொள்வார்களாம்.

1892இல் டோக்கியோவுக்கு மாற்றல். அங்கேதான் மிட்சுகோ அவோயாமா. எண்ணெய், பழம்பொருள் வியாபாரம் செய்தவரின் மகள். ஹைன்ரிக்கின் குதிரை உறைபனியில் சறுக்கி அவர் கீழே விழ, கடையிலிருந்து ஓடிவந்து உதவியவர் மிட்சுகோ என்று ஒரு கதை உண்டு. அது நடந்ததோ, பிற்பாடு சேர்த்ததோ. நடந்தது நிச்சயமாகத் தெரியும்: அதே 1892இல் கல்யாணம். மணப்பெண்ணுக்கு வயது பதினேழு, மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு. பணமும் பதவியும் உள்ள வெளிநாட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர் மகள். அந்தப் பெண்ணிடம் யாராவது விருப்பத்தைக் கேட்டார்களா? இந்த இடத்தில் எனக்கு நெருடல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கிழக்கு நாடுகளுக்குப் போன ஐரோப்பியர் பலர் இப்படி ஒரு பெண்ணோடு சில வருஷம் வாழ்ந்துவிட்டு, கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனார்கள். இவர் சட்டப்படி மனைவியாக்கினார், சர்ச்சிலும் மணந்தார், கூட்டிக்கொண்டும் போனார். 1893இல் ஹான்ஸ், 1894இல் ரிச்சர்ட், இருவரும் டோக்கியோவில் பிறந்தார்கள். வீட்டில் அவர்களுக்கு ஜப்பானியப் பெயரும் இருந்தது: கோதாரோ, எய்ஜிரோ.

1893இல் அப்பா ஃபிரான்ஸ் காலமானார். மூத்த மகன் என்ற முறையில் நிலத்தைப் பார்க்க வேண்டிய பொறுப்பு ஹைன்ரிக் தலையில் விழுந்தது. 1896இல் குடும்பத்தோடு ஜப்பானை விட்டுக் கிளம்பினார். புறப்படும் முன் ஜப்பானியப் பேரரசியே மிட்சுகோவை அழைத்து விடைகொடுத்தார், ஜப்பானியப் பெண் என்ற பெருமையை எங்கே போனாலும் விடாதே என்று சொல்லி அனுப்பினார் என்பார்கள். அதன்பிறகு மிட்சுகோ பிறந்த மண்ணைப் பார்க்கவே இல்லை. இருபத்தோரு வயதில் கிளம்பிய பெண், நண்பர்களே. நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பக்கமே இருந்து, அங்கேயே இறந்தார்.

ரோன்ஸ்பெர்க்கில் இன்னும் ஐந்து குழந்தைகள்: கெரோல்ஃப், எலிசபெத், ஓல்கா, இடா, கார்ல். ஆக ஏழு பேர். பிள்ளைகள் ஐரோப்பியர்களாக வளர வேண்டும் என்று ஹைன்ரிக் முடிவெடுத்தார். வீட்டு மொழி ஜெர்மன். மிட்சுகோ ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம், சரித்திரம், பூகோளம் எல்லாம் உட்கார்ந்து படித்தார், தன் பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிடக் கூடாது என்று. ரிச்சர்டுக்குத் தாயின் மொழி வரவில்லை. அத்தனை மொழிகளை ஆசை ஆசையாகக் கற்ற மனிதர், தன் மனைவியின் மொழியைத் தன் வீட்டுக்குள் வளரவிடவில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரைப் பிடிக்கும் என்பதால்தான் இந்த வருத்தம்.

இப்போது பாட்டியிடம் திரும்புவோம்.

ஊருக்கு வந்த ஹைன்ரிக் நிலத்தைக் கவனித்துக்கொண்டே மறுபடி படிப்பில் இறங்கினார். எடுத்துக்கொண்ட விஷயம் யூத வெறுப்பு. அது என்ன காலம் என்று பாருங்கள். 1897இல் கார்ல் லூகர் வியன்னா மேயர். யூதர்களைத் திட்டியே ஓட்டு வாங்கலாம் என்று காட்டியவர். 1899இல் இதே போஹேமியாவில், போல்னா என்ற ஊரில், ஒரு இளம்பெண் கொலையுண்டாள். யூதர்கள் சடங்குக்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, லியோபோல்ட் ஹில்ஸ்னர் என்பவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் வெளியே வந்தது 1918இல்தான். அந்தச் சூழலில் யூதர்கள்மேல் வெறுப்பு என்பது ஒரு பிரபுவுக்குச் சாதாரண விஷயம். எழுத ஆரம்பித்தபோது தன் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்று ரிச்சர்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

படிக்கப் படிக்க ஆள் மாறிவிட்டார். வெறுப்புக்குக் காரணம் யூதர்கள் செய்த எதுவும் இல்லை, தலைமுறை தலைமுறையாக வந்த மதவெறிதான் அதன் வேர் என்ற முடிவுக்கு வந்தார். அது 1901இல் புத்தகமாக வெளிவந்தது. பாட்டிக்குக் கடிதமாக அந்த வெறுப்புக் கட்டுரை அச்சாகி முப்பத்திரண்டு வருஷம் கழித்து, பேரன் வெறுப்புக்கு எதிராக எழுதுகிறார்.

எழுதிவிட்டு அலமாரியில் வைத்துவிடவில்லை. ஹைன்ரிக் ஆழ்ந்த கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் புனித வெள்ளி வழிபாட்டில் யூதர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று குறிப்பிடும் ஒரு ஜெபம் உண்டு. வருஷா வருஷம் அந்த இடம் வந்ததும் ஹைன்ரிக் எழுந்து சர்ச்சை விட்டு வெளியே போய்விடுவாராம். கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை செய்து பாருங்கள். சின்ன ஊர், எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். ஊர்ப்பிரபு எழுந்து நடக்கிறார். பாதிரியார் பார்க்கிறார், குத்தகைக்காரர்கள் பார்க்கிறார்கள், சொந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த வார்த்தையை ஜெபத்திலிருந்து எடுக்க 1959 வரை ஆனது. எடுத்தவர் போப் இருபத்துமூன்றாம் ஜான். என்னைக் கேட்டால், பத்துப் புத்தகத்தைவிட அந்த நடை பெரிது. இந்த வீடியோ எடுக்க உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

1903இல் பாட்டி வழிப் பெயரையும் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார். அன்றிலிருந்து குடும்பப் பெயர் கூடன்ஹோவ்-கலெர்கி. 1906 மே 14, ரோன்ஸ்பெர்க்கில் மாரடைப்பு. வயது நாற்பத்தாறுதான்.

மிட்சுகோவுக்கு முப்பத்தொன்று. மூத்தவனுக்குப் பன்னிரண்டு, கடைக்குட்டிக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. உயிலைத் திறந்தால், சொத்துப் பொறுப்பும் பிள்ளைகளின் காப்பாளர் உரிமையும் மிட்சுகோவுக்கே என்று ஹைன்ரிக் எழுதியிருக்கிறார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? ஆசியாவிலிருந்து வந்த ஒரு பெண் கையில் இவ்வளவு நிலமா என்று கோர்ட்டுக்குப் போனார்கள். மிட்சுகோ ஜெயித்தார். சட்டம் படித்தார், கணக்கு வழக்கு படித்தார், எஸ்டேட் நிர்வாகத்தைத் தானே கையில் எடுத்தார். மனைவியின் மொழிக்கு வீட்டில் இடம் கொடுக்காத மனிதர், மனைவியின் மூளையை மட்டும் சந்தேகப்படவே இல்லை. உயில் அதைத்தான் சொல்கிறது.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் வியன்னாவில் தெரேசியானும் பள்ளியில் படித்தார். ஹான்ஸ் 1914இல் லில்லி ஸ்டைன்ஷ்னைடரை மணந்தார். விமானம் ஓட்ட உரிமம் வாங்கிய முதல் ஹங்கேரியப் பெண், யூத வம்சம். ரிச்சர்ட் 1915இல் நடிகை இடா ரோலண்டை மணந்தார். அவரும் யூத வம்சம், மாப்பிள்ளையைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இந்தக் கல்யாணத்தை மிட்சுகோ ஏற்கவில்லை, மகனோடு மனஸ்தாபம் வந்தது. இதற்கிடையில் 1914 ஆகஸ்டில் ஆஸ்திரியாவும் ஜப்பானும் எதிரி நாடுகளாகிவிட்டன. போர் முடிந்ததும் ரோன்ஸ்பெர்க் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போனது, குடும்பம் அந்த நாட்டுக் குடிமக்களானது. நிலச் சீர்திருத்தமும் வந்தது. பழைய ஜமீன் வாழ்க்கை அத்தோடு சரி.

ரிச்சர்ட் 1923இல் ஐரோப்பிய ஒன்றிணைப்பு இயக்கத்தை ஆரம்பித்தார். 1926இல் வியன்னாவில் அதன் முதல் மாநாடு. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பி ஓடினார். இவர் பெயரை வைத்து, ஐரோப்பியர்களை அழிக்க ஒரு சதித்திட்டம் போட்டார் என்று இணையத்தில் ஒரு புரளி சுற்றுகிறது. அது வடிகட்டின பொய். யாராவது அனுப்பினால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். கடைசி மகள் இடா ஃப்ரீடரிகே கத்தோலிக்க எழுத்தாளராகப் பெயர் வாங்கினார். கோட்டையில் கடைசிவரை இருந்தவர் ஹான்ஸ். 1945க்குப் பிறகு, ஜெர்மன் பேசிய மற்ற மக்களைப் போல அவரும் வெளியேற வேண்டி வந்தது. கோட்டை எல்லைக் காவல் படையின் கைக்குப் போய்ச் சிதைந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து வருகிறார்கள்.

மிட்சுகோவுக்கு 1925இல் பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் முடங்கிவிட்டது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மோட்லிங் என்ற ஊரில், மகள் ஓல்கா கவனித்துக்கொள்ள, மீதி நாட்களைக் கழித்தார். 1941 ஆகஸ்ட் 27 அன்று காலமானார். ரிச்சர்ட் அப்போது அமெரிக்காவில் அகதி.

வியன்னா போகிறவர்கள் யாருமே ஷோன்புரூன் அரண்மனையைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். அந்த அரண்மனைப் பூங்காவை ஒட்டியே ஹீட்ஸிங் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஓவியர் கிளிம்ட்டின் கல்லறை அங்கே இருப்பதால் நிறையப் பேர் தேடி வருவார்கள். மிட்சுகோவும் அங்கேதான் இருக்கிறார். ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, கையில் கொஞ்சம் பூவோடு போய்ப் பாருங்கள்.