பூசை இல்லாத ஞாயிறுகளில் செபம் சொன்னவர்கள்

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்து பணி செய்த குரு புனித யோசப் வாஸ் திருநாளில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவரைப் பற்றிப் பேச வந்துவிட்டுக் கொரோனாக் காலத்தைத் தொடாமல் போக என்னால் முடியாது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் தலைநகரை விட்டு வெளியேறினான். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளும் அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளும் கண்டியிலேயே இருந்தார்கள். நோயாளிகளைத் தேடிப் போய்ச் சாப்பாடு கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். என்ன மதம் என்று யாரிடமும் கேட்கவில்லை. இதையெல்லாம் நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டார்கள். வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் இந்த நாட்டுக்கு வந்தது 1687இல். நடுவில் ஏறக்குறைய முப்பது வருடம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறையே குருவின் முகம் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அவர் வந்தபோது விசுவாசிகள் இருந்தார்கள். வீட்டில் செபமாலை சொன்னவர்கள், பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவர் அதைக் கலைக்கவில்லை. ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரை வைத்து, தான் இல்லாத நாட்களில் செபம் நடத்தும் பொறுப்பை அவர்கள் கையிலேயே கொடுத்தார்.

இப்போது நம்முடைய காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 20, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. கோவில் கதவு பூட்டியாயிற்று. அதற்கு முந்தின வருடம் உயிர்ப்பு ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 21இல், கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நடந்ததை இந்த மேடையில் விவரிக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு நம்முடைய கோவில் வாசலில் ஒரு மேசை போட்டுப் பை சோதித்தோம். ஞாயிறு பூசைக்கு வருகிற வயதான அம்மா, செபப் புத்தகமும் வெற்றிலைப் பையும் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கோவில் மறுபடி திறந்தபோது அதே மேசையில்தான் சூடு பார்க்கும் கருவியையும், கை கழுவும் திரவத்தையும், பெயர் எழுதும் கொப்பியையும் வைத்தோம். பயந்து பயந்து கோவிலுக்கு வருவது என்றால் என்னவென்று நம் சனத்துக்குக் கொரோனாவுக்கு முன்பே தெரியும்.

அந்த நாட்களில் தோட்டத்தில் எல்லோரும் கேட்ட ஒரு கேள்வி உண்டு. தேயிலை அத்தியாவசியத் தொழில் என்று ஊரடங்கிலும் வேலை நடந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்குப் போகலாம், மலையில் நிரை பிடித்து நிற்கலாம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடலாம், கோவிலுக்கு மட்டும் ஏன் போகக் கூடாது? கேட்டவர்களுடைய மனவேதனை நியாயமானது. ஆனால் கோவிலை மூடியது சரிதான் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பரா அறையில் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிறது. பைப்பும் கக்கூசும் பொது. ஒரு பூசைக்கு வந்த நோய் ஒரே கிழமையில் லயம் முழுக்கப் பரவும். பிறர் உயிரைக் காப்பதற்காக வீட்டில் இருப்பதும் கடவுளுக்குச் செய்கிற ஆராதனைதான். திருச்சபைச் சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. குரு இல்லாமலோ வேறு பெரிய காரணத்தாலோ பூசைக்குப் போக முடியாதவர்கள் தனியாகவோ, குடும்பமாகவோ, சில குடும்பங்கள் சேர்ந்தோ செபத்தில் நேரம் செலவிடுமாறு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பே வற்புறுத்திச் சொல்கிறது.

மார்ச் 25ஆம் திகதி வத்திக்கானிலிருந்து புனித வாரத்துக்கான ஒழுங்கு வந்தது. பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கு வேண்டாம். பெரிய வெள்ளியில் சிலுவையைக் குரு மட்டும் முத்தமிடுவார். இரண்டு நாள் கழித்து, பெருமழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒற்றை ஆளாக நின்று உலகத்துக்கு ஆசீர் கொடுத்தார். நமக்கு அப்போது இரவு பத்தரை மணி. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள்கூட முழித்திருந்து பார்த்தார்கள்.

அப்புறம் ஃபோன் பூசை வந்தது. ஃபாதர் தனியாக நின்று திருப்பலி ஒப்புக்கொடுப்பார், ஒரு தம்பி ஃபோனைப் பிடித்து ஃபேஸ்புக்கில் விடுவார். நல்ல முயற்சி, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மலைநாட்டில் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில், அதாவது மேற்பிரிவில், நடந்ததைச் சொல்கிறேன். காம்பராவுக்குள் வேளாங்கண்ணி மாதா சுருவம் இருக்கிற பலகை. பக்கத்தில் அரிசி டின்னில் சாய்த்து வைத்த ஃபோன். அந்த லயத்துக்கே டேட்டா போட்ட ஃபோன் அது ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் உள்ளே, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வாசகம் முடிகிறது. பதிலுரைப் பாடலில் படம் நின்றுவிடுகிறது. சிக்னல் தேடிப் பையன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடுகிறான். எல்லோரும் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது கொழுந்தெடுக்கிற ஓர் அக்கா எழுந்து, பழைய ஏற்பாடு புதிய ஏற்பாடு சேர்ந்த அந்தப் பெரிய பைபிளை விரித்து நற்செய்தியை வாசித்தார். வாசித்துவிட்டு, "சரி, ஆளாளுக்கு யாருக்காக வேண்டுறதுன்னு சொல்லுங்க" என்றார். கொழும்பில் கடையில் மாட்டிக்கொண்ட மகனுக்காக ஒருவர் வேண்டினார். சவூதியில் வீட்டு வேலைக்குப் போன தங்கச்சிக்காக இன்னொருவர். பக்கத்து வீட்டு இந்து அம்மா, "எங்க வீட்டுப் பெரியவருக்காகவும் சொல்லுங்க" என்று கேட்டார். அதற்கு அடுத்த ஞாயிறு அந்த லயத்தில் ஃபோனைத் தேடவே இல்லை.

இந்த மாதிரி நம்முடைய பங்கில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்துக் கத்தோலிக்கருக்கு இது பழக்கம். டவுன் கோவிலில் தினமும் பூசை உண்டு. தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு ஃபாதர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். மீதி ஞாயிறுகளில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் செபம் நடத்துவார், அவர் இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரியம்மா செபமாலை சொல்லுவார். அதை நாம் குறையாகவே பார்த்து வந்திருக்கிறோம், பூசை இல்லாத ஞாயிறு என்றுதான் சொல்லுவோம். ஊரடங்கு வந்து டவுன்காரர்களும் அதே நிலைக்கு வந்தபோது, வழி தெரிந்தவர்கள் மேலே மலையில் இருந்தார்கள்.

இறப்புகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கொரோனாவில் இறந்தவர்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதித்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தபோதும், கிழக்கே ஓட்டமாவடியில் ஒதுக்கிய இடத்தில்தான் அடக்க முடிந்தது. முஸ்லிம் சகோதரர்கள் பட்ட வேதனை நம்முடையதைவிடப் பல மடங்கு. திருச்சபை 1963இலிருந்தே தகனத்தை அனுமதிக்கிறது, ஆகவே நமக்குச் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் தாத்தா பாட்டி கிடக்கிற தோட்டத்து மயானத்தில் மண் போடக் கிடைக்காமல் போவது சாதாரணமா? பெட்டியைத் திறக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, பூசையும் இல்லை. 2020இல், கல்லறைக்குப் போய்ச் செபித்து இறந்தோருக்காகப் பெறுகிற பேறுபலனை நவம்பர் மாதம் முழுக்க நீட்டித்தார்கள். கல்லறைத் திருநாளன்று ஒரே நாளில் கூடாமல், குடும்பம் குடும்பமாக வேறு வேறு நாளில் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். அந்த நீட்டிப்பு எத்தனை பேருடைய மனதை ஆற்றியது என்பது அங்கே நின்று அழுதவர்களுக்குத் தெரியும்.

கோவில் திறந்த பிறகு செய்த மாற்றங்களை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. தீர்த்தத் தொட்டியைக் காய வைத்தோம், உட்காருகிற பாங்கில் அடையாளம் ஒட்டினோம், நாக்கில் நற்கருணை வாங்கிப் பழகியவர்கள் கையில் வாங்கினார்கள். 2021 சாம்பல் புதனில் நெற்றியைத் தொடாமல் தலையில் சாம்பல் தூவினார்கள். இதில் எனக்குப் பிடித்தது, எந்த டிவிசனுக்கு எந்த ஞாயிறு என்று பிரித்ததுதான். பஸ்ஸில் சீட்டுக்கு மேல் ஏற்றாத காலத்தில், தூரத்துத் தோட்டத்துச் சனத்துக்கு இடம் ஒதுக்கி வைத்ததால், எப்போதும் பின்னால் வெளியே நிற்கிறவர்கள் முன் பாங்கில் உட்கார்ந்தார்கள்.

இப்போது எல்லாம் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, தேர்ப்பவனி போகிறது. நற்கருணை இல்லாத செபம் நற்கருணைக்கு ஈடாகாது, அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த லயத்துச் செபங்கள் பல இடத்தில் நின்றுவிட்டன. "கோவில் திறந்தாச்சே, இனி எதுக்கு?" என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். நற்செய்தி வாசித்த அக்காமார் பழையபடி பின் பாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனதை அறுக்கிற விஷயம் இதுதான். வாஸ் அடிகள் வந்தபோது மூப்பரை வீட்டுக்கு அனுப்பவில்லை, குரு இல்லாத காலத்தில் செபத்தைக் காத்தவர்களுக்குக் குரு வந்த பிறகுதான் பொறுப்பு கூடியது.

இதற்குத் திருச்சபையிலும் இப்போது வழி திறந்திருக்கிறது. கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோதே, 2021 ஜனவரியில், வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி கொடுக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றினார். அதே வருடம் மே மாதம் உபதேசியார் பணியை ஒரு நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார்.

ஆகவே ஃபாதரிடமும் பங்குப் பேரவையிடமும் கேட்கிறேன். ஊரடங்கு நாட்களில் ஒவ்வொரு டிவிசனிலும் யார் செபம் நடத்தினார்கள் என்று தோட்டத்துச் சனத்திடமே கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். பெண்கள் பெயர்தான் அதிகம் வரும். அவர்களுக்குக் கொழுந்து குறைகிற மாதமாகப் பார்த்து, நாட்சம்பளம் போகாத ஞாயிறு பின்னேரங்களில், மேலே தோட்டத்திலேயே பயிற்சி கொடுங்கள். டவுனுக்கு வரச் சொன்னால் பஸ் காசுக்கே தயங்குவார்கள். பயிற்சி முடிந்ததும் ஆயரிடம் பெயர்களை அனுப்புங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை முதலாவதாகப் போட வேண்டும் என்று பணிவோடு கேட்டு உட்காருகிறேன். வணக்கம்.