ஐந்து ஷிரடாகிகளும் ஒரு வாட்ஸ்அப் கதையும்
(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானில் ஒரு குக்கிராமம். பனி கொட்டுகிறது. ஒரே ஒரு மாணவி பள்ளிக்கூடம் போவதற்காக ரயில்வேக்காரர்கள் ஒரு ஸ்டேஷனையே மூடாமல் வைத்திருக்கிறார்கள். அவள் படிப்பை முடிக்கும் நாளில்தான் மூடப்போகிறார்களாம். இந்தக் கதை வாட்ஸ்அப்பில் வராதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நானும் கண் கலங்கி நான்கு குழுக்களுக்கு அனுப்பியவன்தான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இன்றைக்குப் பேசுகிறேன்.

கதை கிளம்பியது 2016 ஜனவரியில், சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்திலிருந்து. அதில் சொன்ன ஸ்டேஷன் காமி-ஷிரடாகி. காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில் என்று போட்டிருந்தார்கள். அந்த நேர அட்டவணை காமி-ஷிரடாகிக்குச் சரிதான். ஆனால் அந்தப் பெண் ஏறிய ஸ்டேஷன் அதுவே இல்லை, க்யூ-ஷிரடாகி. அங்கே ஊர் திரும்ப மூன்று ரயில்கள் இருந்தன. பள்ளிக்குப் போகும் காலை ரயிலும் அவளுக்காகவே விட்டதல்ல. அது எங்காரு நகரம் வரை போகிற பயணிகள் ரயில், வழியில் வேறு பிள்ளைகளும் ஏறுவார்கள். க்யூ-ஷிரடாகியில் அன்றாடம் ஏறியவள் அவள் ஒருத்திதான் என்பது மட்டும் ஏறக்குறைய உண்மை.

இரண்டு ஸ்டேஷனும் எப்படிக் குழம்பின? பெயர்தான் காரணம். ஹொக்கைடோ தீவின் வடகிழக்கே செகிஹொகு பாதை என்று ஒரு ரயில் பாதை போகிறது. அதில் அடுத்தடுத்து ஐந்து ஷிரடாகிகள் இருந்தன. ஒகு என்றால் உள்ளே தள்ளி இருப்பது, காமி என்றால் மேல், அடுத்தது வெறும் ஷிரடாகி, க்யூ என்றால் பழைய, ஷிமோ என்றால் கீழ். நம் மேலூர், கீழூர், பழையூர் மாதிரி. ஷிரடாகி என்றால் வெள்ளருவி. ஜப்பானில் ரயில் பைத்தியங்கள் அதிகம், அவர்கள் இதற்கு ‘ஷிரடாகி வரிசை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ஊர் எப்படி உண்டானது என்று பார்த்தால், வாட்ஸ்அப் கதை ரொம்பச் சின்னதாகிவிடும். 1912-இல் தெற்கே வகயாமா பகுதியின் தனாபே ஊரிலிருந்து 54 குடும்பங்கள் இந்தக் காட்டுக்குக் குடியேறின. கூட்டி வந்தவர் மொரிஹெய் உவேஷிபா. பின்னாளில் ஐகிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கினாரே, அவரேதான். அப்போது முப்பதைக்கூட எட்டவில்லை. ரயில் கிடையாது. கிதாமி கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். மரம் வெட்டினார்கள், புதினா பயிரிட்டார்கள். 1917-இல் பெருந்தீ ஒன்றில் ஊரே சாம்பலானது. மறுபடி கட்டினார்கள். 1919 கடைசியில், அப்பா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்து உவேஷிபா தெற்கே கிளம்பினார். அதோடு ஷிரடாகி வாழ்க்கை முடிந்தது. அவர் போய்ப் பத்து வருடம் கழித்து, 1929-இல்தான் ஷிரடாகிக்கு ரயில் வந்தது. 1932-இல் மலையைக் குடைந்து, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் போட்டு, அந்தப் பக்கத்துப் பாதையோடு இணைத்தார்கள். காமி-ஷிரடாகி பிறந்தது அந்த வருடம்.

இந்தப் பாதையின் இன்னொரு சுரங்கத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. எங்காருவுக்குக் கிழக்கே ஜோமோன் சுரங்கம். நீளம் 507 மீட்டர்தான். 1912 முதல் 1914 வரை கட்டினார்கள். கூலிகளை முன்பணம் கொடுத்து ஏமாற்றிக் கொண்டுவந்து, ஓட முடியாத கொட்டடிகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். அந்தக் கொட்டடிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘ஆக்டோபஸ் அறை’. பானைக்குள் போன ஆக்டோபஸ் வெளியே வராது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். நூற்றுக்கு மேல் செத்ததாகச் சொல்கிறார்கள். சுவருக்குள் மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பேய்க்கதை என்று விட்டுவிட்டார்கள். 1968-இல் நிலநடுக்கம் வந்து சுவர் பழுதானது. 1970-இல் சரிசெய்யப் பிரித்தார்கள். உள்ளே மனித எலும்புக்கூடு. ரயில்வேயின் கருணையைப் பற்றி நாம் பகிர்ந்த கதையில் வருகிறதே, அந்தப் பாதைதான் இது.

சரி, க்யூ-ஷிரடாகிக்கு வருவோம். 1947 பிப்ரவரி 11 அன்று அதைத் திறந்தார்கள், ஸ்டேஷனாக அல்ல, ‘தற்காலிக ஏறுமிடம்’ என்று. நம் ஊரில் ஹால்ட் என்போமே, அதற்கும் ஒரு படி கீழே. அந்தத் தற்காலிகம் நாற்பது வருடம் நீடித்தது! 1987 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் தேசிய ரயில்வேயை உடைத்துத் தனித்தனி நிறுவனங்கள் ஆக்கியபோதுதான் அதற்கு ஸ்டேஷன் என்ற பதவி கிடைத்தது.

பதவி கொடுத்த அதே நாளில்தான் முடிவும் எழுதப்பட்டது என்பது என் எண்ணம். ஹொக்கைடோவில் ரயில் விட்டால் நஷ்டம்தான் வரும் என்று அரசுக்கு அன்றைக்கே தெரியும். அதனால் புது நிறுவனத்துக்கு 68,220 கோடி யென் நிதியைக் கொடுத்து, வட்டியில் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள் என்றார்கள். 7.3 சதவீத வட்டி என்பது கணக்கு. வருடத்துக்கு ஏறத்தாழ 5,000 கோடி யென். பிறகு ஜப்பானில் வட்டி என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும், தரையைத் தொட்டது. கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் கார் வாங்கினார்கள். 2001-இலேயே ஒகு-ஷிரடாகி போயிற்று. 2005-இல் ஷிரடாகி கிராமமே எங்காருவோடு இணைக்கப்பட்டது.

இப்போது அந்த ‘படிப்பு முடியும் நாள்’. மூன்று வருடமாக அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள் என்றது கதை. ஸ்டேஷன்களை மூடும் பேச்சே 2015-இல்தான் செய்தியானது. ஹொக்கைடோவின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பட்டமளிப்பு மார்ச் 1 வாக்கில் முடிந்துவிடும். ஸ்டேஷன் மூடியதோ 2016 மார்ச் 26. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பான் முழுக்க ரயில் நேர அட்டவணை மாறிய நாள் அது. அதைவிட முக்கியம், கடலுக்கடியில் செய்கான் சுரங்கம் வழியாக ஹொக்கைடோ தீவுக்கு முதல் புல்லட் ரயில் வந்து சேர்ந்த நாள். ஷின்-ஹகோடாடே-ஹொகுதோ ஸ்டேஷனில் அன்று கொண்டாட்டம். அதே அட்டவணை மாற்றத்தில் அதே நிறுவனம் எட்டு ஸ்டேஷன்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அதில் மூன்று ஷிரடாகிகள்: காமி, க்யூ, ஷிமோ.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பனியில் ஒற்றைப் பெட்டி டீசல் ரயிலுக்குக் காத்து நின்றது நிஜம். பொய் சொன்னது நாம். அதே வருடம் நவம்பரில் அந்த நிறுவனம் 1,237 கிலோமீட்டர் பாதையை, தன் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதியை, இனித் தனியாகப் பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. செகிஹொகு பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் செய்தி எனக்கு ஒரு குழுவிலிருந்தும் வரவில்லை.

இன்றைக்கு ஐந்தில் மிஞ்சியிருப்பது நடுவில் இருந்த வெறும் ஷிரடாகி ஒன்றுதான். அதற்கு மேற்கே அடுத்த ஸ்டேஷன் காமிகாவா, 37.3 கிலோமீட்டர் தள்ளி. ஜப்பான் ரயில்வேயில் புல்லட் ரயில் பாதைகளை விட்டுவிட்டால், இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே இதைவிட நீண்ட இடைவெளி வேறெங்கும் இல்லை. ஷிமோ-ஷிரடாகியில் கிராஸிங் தண்டவாளங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். ஒற்றைப் பாதை அல்லவா, கிராஸிங்குக்கு இடம் வேண்டும். எதிர் ரயிலுக்காக அங்கே இன்னும் ரயில் நிற்கிறது. கதவு திறக்காது.